பண்டைச் சீனர் கண்ட தெய்வமும் அரசும்

உலகின் தொன்மையான நாகரிகங்கள் பலவும் நதிக்கரைகளிலேயே தோன்றின. எகிப்தியருக்கு நைல் நதியும், சுமேரியருக்கு யூப்பிரட்டீஸ், தைகிரீஸ் நதிகளும் வாய்த்தது போலச் சீனருக்கு மஞ்சளாறு எனப்படும் குவாங்கோ நதி வாய்த்தது. எகிப்தியரின் எழுத்தும் சுமேரியரின் எழுத்தும் வழக்கொழிந்து, பிற்காலத்து அறிஞர்களால் மீண்டும் வாசித்தறியப்பட்டவை. சீன எழுத்தோ மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அறுபடாமல் வளர்ந்து இன்றும் வழங்குகின்றது. ஆகவே அம்மக்கள் தெய்வத்தைப் பற்றியும் அரசைப் பற்றியும் எண்ணியவற்றை அவர்களின் எழுத்திலேயே நாம் காண முடிகின்றது.

சைவ மரபிலே வளர்ந்தவர்க்கு அங்கு முதலில் வியப்பளிப்பது ஒன்று உண்டு. பாரத நாட்டிலே வேள்வி செய்யும் அந்தணர் குலம் வேறு, ஆளும் அரசர் குலம் வேறு. சீனத்திலே அவ்வாறு அரசனுக்குப் புறம்பான பரம்பரைக் குருமார் குலம் ஒன்று வளரவில்லை. நாட்டுக்காகச் செய்யப்படும் பெருவேள்விகளை மன்னனே முன்னின்று செய்தான். கிரியைகளுக்கு உதவியோர் அவனது உத்தியோகத்தர்களே. அவ்வாறாயின் ஒரு கேள்வி எழுகின்றது. அரசனே குருவுமாயின், அவன் தவறும்போது தவறென்று சொல்லக் கூடியவர் யார்? பண்டைச் சீனத்தின் தத்துவஞானிகள் பலரும் ஏதோ ஒரு வகையில் இக்கேள்விக்கே விடை தேடினர் எனலாம்.

ஆமையோடும் எலும்பும்

எழுத்துச் சான்றுகளால் உறுதியாக அறியப்படும் முதல் அரச வம்சம் ஷாங் வம்சமாகும். ஏறத்தாழ கி.மு. 1600 தொடக்கம் கி.மு. 1046 வரை இவர்கள் ஆண்டனர். இவர்களின் கடைசித் தலைநகர் இன்றைய ஹெனான் மாகாணத்தில் அன்யாங் நகருக்கு அருகே இருந்தது. 1899ஆம் ஆண்டில் வாங் யிரோங் என்ற அறிஞர், மருந்துக் கடைகளில் "நாகத்தின் எலும்பு" என்று விற்கப்பட்ட பழைய எலும்புத் துண்டுகளில் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருப்பதைக் கவனித்தார் என்பர். 1928 முதல் அன்யாங்கில் முறையான அகழ்வுகள் நடைபெற்றன. எழுத்துப் பொறித்த துண்டுகள் ஓர் இலட்சத்துக்கும் மேலாகக் கிடைத்தன.

இவை குறி கேட்ட எலும்புகள். ஆமையின் அடியோட்டிலோ மாட்டின் தோள் எலும்பிலோ சிறு குழிகள் தோண்டி, சூடு காட்டுவார்கள். அப்போது எழும் வெடிப்பைப் பார்த்து மன்னன் பலன் சொல்வான். பின்னர் கேள்வியையும் பலனையும், சில வேளைகளில் நடந்த முடிவையும் அதிலேயே பொறித்து வைப்பார்கள். மழை பெய்யுமா, விளைச்சல் எப்படி, படையெடுப்பு வெற்றி தருமா, மன்னனின் பல்வலிக்கு எந்த மூதாதையின் கோபம் காரணம் என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். வூ திங் என்னும் மன்னனின் மனைவியருள் ஒருத்தியான பூ ஹாவ் படை நடத்திய வீராங்கனை. அவளது கல்லறை 1976இல் கண்டெடுக்கப்பட்டது. அவளின் பிரசவத்தைப் பற்றியும் குறி கேட்கப்பட்டது. பெண் குழந்தை பிறந்ததை நல்லதன்று என்று அந்த எலும்பு பதிந்து வைத்திருக்கின்றது. படை நடத்திய ஒருத்தியின் மகளுக்கே அக்காலத்தில் கிடைத்த வரவேற்பு இதுதான்.

ஷாங் மக்கள் "தி" என்ற பெருந்தெய்வத்தை நம்பினர். ஆயினும் அத்தெய்வம் எட்டாத தூரத்தில் இருந்தது. இறந்துபோன அரச மூதாதையரே மக்களுக்காகப் பரிந்து பேச வல்லவர்கள் என்றும், அம்மூதாதையரோடு பேசும் உரிமை மன்னனுக்கே உண்டென்றும் கருதினர். இம்மூதாதையருக்குப் போரில் சிறைப்பட்ட மனிதரையும் பலியிட்டனர். அகழ்வாராய்ச்சியாளர் கண்ட பலிக்குழிகள் இதற்குச் சான்றாகும். ஒரு நாகரிகத்தின் பெருமையைப் பேசும்போது இதனை மறைத்துப் பேசுவது முறையன்று.

விண்ணின் ஆணை

கி.மு. 1046 அளவில் மேற்கிலிருந்து வந்த சௌ குலத்தார் ஷாங் அரசை வீழ்த்தினர். வென்றவர்க்கு ஒரு சங்கடம் இருந்தது. தெய்வத்தோடு பேசும் உரிமை ஷாங் மன்னனுக்கே உரியதாயின், அவனை வீழ்த்தியது பாவமல்லவா? இதற்குச் சௌ குலத்தார் சொன்ன விடை சீன வரலாற்றையே மாற்றியது. ஆளும் உரிமை எந்தக் குலத்துக்கும் நிலையாக எழுதிக் கொடுக்கப்பட்டதன்று. "தியென்" என்னும் விண்தெய்வம் நல்லவனுக்கு அதனை ஒப்படைக்கின்றது. அவன் வழிவந்தோர் கொடியவராயின் திரும்ப எடுத்துக்கொள்கின்றது என்றனர். இதுவே "தியென் மிங்", அதாவது விண்ணின் ஆணை. மன்னனை "விண்ணின் மைந்தன்" என்று அழைத்தனர். எனினும் மைந்தன் என்ற உரிமை நல்லொழுக்கம் உள்ளவரைக்குமே.

தம் வெற்றியை நியாயப்படுத்தவே சௌ குலத்தார் இதனைச் சொன்னார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒருமுறை சொல்லப்பட்ட கொள்கை சொன்னவரையும் கட்டுப்படுத்தும். அதன்பின் வந்த அரசர் ஒவ்வொருவரும் இவ்வளவுகோலால் அளக்கப்பட்டனர். வெள்ளமும் பஞ்சமும் வந்தால், ஆணை கைமாறப் போகின்றதோ என்று மக்கள் பேசிக்கொண்டனர்.

கி.மு. 771இல் மேற்குத் தலைநகர் வீழ்ந்த பின்னர் சௌ மன்னரின் அதிகாரம் பெயரளவில் மட்டும் நின்றது. சிற்றரசர்கள் ஒருவரோடொருவர் மோதினர். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த இக்குழப்பத்திலேதான் சீனத்தின் பெருஞ்சிந்தனையாளர்கள் தோன்றினார்கள்.

அவர்களுள் முதலில் வைத்து எண்ணப்படுபவர் கொன்பியூசியஸ் (கி.மு. 551 - 479). இன்றைய ஷாண்டோங் மாகாணத்தில் அமைந்திருந்த லூ என்னும் சிற்றரசில் பிறந்தவர். இளமையில் வறுமையுற்று, களஞ்சியக் கணக்குப் பார்க்கும் வேலையும், கால்நடை மேற்பார்க்கும் வேலையும் செய்தவர். உலகம் போற்றும் ஞானி நெல்லுக்கணக்கு எழுதித் தொடங்கினார் என்பது உத்தியோகம் பார்த்தவர்களுக்கு ஒரு மனநிறைவைத் தரும் செய்தியாகும். பின்னர் அரசர்களுக்கு அறிவுரை கூற விரும்பி ஊரூராகப் பல ஆண்டுகள் அலைந்தார். கேட்பார் இல்லை. திரும்பி வந்து மாணவர்க்குக் கற்பித்தார்.

அவர் புதிய சமயம் எதனையும் தோற்றுவிக்கவில்லை. ஆவிகளையும் மறுமையையும் பற்றிக் கேட்டபோது, முதலில் உயிரோடிருக்கும் மனிதருக்குச் செய்யவேண்டியதைச் செய்யக் கற்றுக்கொள்ளுமாறு திருப்பினார். ஆனால் கிரியைகளை அவர் ஒருபோதும் புறக்கணிக்கவில்லை. மூதாதையர்க்குப் படையல் வைக்கும்போது அவர்கள் எதிரே இருப்பதாகவே எண்ணிச் செய்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. மனம் ஒன்றாத கிரியையை அவர் கிரியையாகக் கொள்ளவில்லை. "ரென்" எனப்படும் மனிதநேயமும் "லீ" எனப்படும் ஒழுங்குமுறையும் அவரது போதனையின் இரு கண்கள். அரசன் அரசனுக்குரியதையும் தந்தை தந்தைக்குரியதையும் செய்தால், அதாவது பெயருக்கேற்ற செயல் இருந்தால், தண்டனைக்கு வேலை குறையும் என்று நம்பினார். ஒருமுறை குதிரை லாயம் தீப்பிடித்தது. அரசவையிலிருந்து திரும்பிய அவர், யாருக்காவது காயமா என்று மட்டும் கேட்டாராம். குதிரைகளைப் பற்றிக் கேட்கவில்லையாம். அக்காலத்தில் குதிரையின் விலை லாயக்காரனின் விலையிலும் அதிகம் என்பதை நினைவிற் கொண்டால் இதன் பொருள் விளங்கும்.

அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த மென்சியஸ் இன்னும் துணிவானவர். சி நாட்டு மன்னன் சுவான், புதிய மணிக்கு இரத்தம் பூசுவதற்காக ஓர் எருதைப் பலிக்கு இழுத்துச் செல்வதைக் கண்டான். அதன் நடுக்கத்தைப் பார்க்கப் பொறாமல், அதை விட்டுவிட்டு ஓர் ஆட்டைப் பலியிடுங்கள் என்றான். செலவைக் குறைக்கவே மன்னன் இவ்வாறு செய்தான் என்று ஊர் நகைத்தது. மென்சியஸ் அப்படி நினைக்கவில்லை. எருதை நேரிற் கண்டீர், ஆட்டைக் காணவில்லை, அவ்வளவே. கண்ட உயிருக்கு இரங்கும் அந்த உள்ளமே நல்லாட்சிக்குப் போதும் என்றார். ஆனால் ஒரு விலங்குக்கு எட்டிய இரக்கம் உம் குடிமக்களுக்கு எட்டாதது ஏன் என்று அடுத்த கேள்வியிலேயே மன்னனை மடக்கினார். ஷாங்கின் கடைசி மன்னனைக் குடிமகன் கொன்றது தகுமா என்று அதே மன்னன் கேட்டபோது, நீதியை அழித்தவன் மன்னனே அல்லன், அவன் வெறும் தனிமனிதன் என்ற பொருள்பட விடையிறுத்தார். மன்னன் முன்னிலையிலேயே இவ்வாறு சொல்லிவிட்டு உயிரோடு திரும்பியது அவருக்கிருந்த மதிப்பைக் காட்டுகின்றது.

இவர்களுக்கு எதிர்த்திசையில் நின்றவர்கள் தாவோ நெறியினர். லாவோட்சுவின் பெயரால் வழங்கும் "தாவோ தே சிங்" ஏறத்தாழ ஐயாயிரம் எழுத்துகளே கொண்ட சிறுநூல். அதன் பழைய பட்டுப் பிரதிகள் 1973இலும், இன்னும் பழைய மூங்கிற் சிலாகைகள் 1993இலும் கல்லறைகளிலிருந்து கிடைத்துள்ளன. மேலும் மேலும் சட்டம் போடும் அரசு மேலும் மேலும் கள்வரை உண்டாக்குகின்றது என்பது இந்நெறியினரின் கருத்து. நீரைப் போலத் தாழ்ந்து, வலிந்து செய்யாமல் செய்விப்பதே சிறந்த ஆட்சி என்பர். சுவாங்ட்சு என்னும் ஞானியிடம் சூ நாட்டு அமைச்சர் பதவியோடு தூதர் வந்தனர். அவர் தூண்டிலை விட்டுத் திரும்பியும் பார்க்காமல், உங்கள் அரசனின் ஆலயத்தில் பட்டுத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் போற்றும் ஆமை, அப்படிச் செத்துப் போற்றப்படுவதை விரும்புமா, உயிரோடு சேற்றில் வாலை இழுத்துத் திரிவதை விரும்புமா என்று கேட்டாராம். குறி கேட்கும் ஆமையோடு பற்றி அறிந்தவர்க்கே இந்நகைச்சுவை முழுமையாகச் சுவைக்கும்.

சட்டமும் ஓர் எழுதுவினைஞரின் கல்லறையும்

நல்லொழுக்கத்தையும் நம்பாமல், சும்மாயிருத்தலையும் நம்பாமல், சட்டத்தையே நம்பியோர் மூன்றாவது சாரார். மேற்கே இருந்த சின் நாட்டில் ஷாங் யாங் என்னும் அமைச்சர் கி.மு. 356 முதல் ஆட்சியைத் திருத்தி அமைத்தார். குடும்பங்களை ஐந்தைந்தாகவும் பத்துப்பத்தாகவும் சேர்த்து, ஒருவர் குற்றத்துக்கு மற்றவரையும் பொறுப்பாக்கினார். குலத்தால் அன்றிப் போர்ச் சாதனையால் பதவி என்றார். பின்னர் அவரே தப்பியோட நேர்ந்தபோது, அடையாளச் சீட்டு இல்லாதவருக்கு இடம் கொடுத்தால் ஷாங் யாங்கின் சட்டப்படி தண்டனை என்று விடுதிக்காரன் கதவை மூடிவிட்டதாகப் பழைய வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். அவர் கி.மு. 338இல் கொல்லப்பட்டார். சட்டங்கள் மட்டும் நிலைத்தன. அவற்றின் வலிமையால் கி.மு. 221இல் சின் மன்னன் சீனம் முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்து, முதற் பேரரசன் என்ற பட்டம் சூடினான். நாட்டை 36 மாவட்டங்களாக்கினான். எழுத்து, நிறை, அளவை, வண்டியின் அச்சகலம் வரை ஒருமைப்படுத்தினான். கி.மு. 213இல் நூல்களை எரிக்கவும் ஆணையிட்டான். 1974இல் கிணறு தோண்டியோர் கண்டெடுத்த சுடுமண் படைவீரர்கள் இவனது கல்லறைக் காவலர்களே.

இவனைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஆனால் இவன் காலத்து அரசு எவ்வாறு நாளாந்தம் நடந்தது என்பதை நமக்குக் காட்டியவர் ஷீ என்ற ஒரு சாதாரண எழுதுவினைஞர். 1975 டிசம்பரில் ஹூபே மாகாணத்து யுன்மெங் பகுதியில் அவரது கல்லறை திறக்கப்பட்டது. உடலைச் சுற்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மூங்கிற் சிலாகைகள் இருந்தன. பொன்னும் மணியும் அன்றி, தாம் வாழ்நாளெல்லாம் கையாண்ட சட்டங்களையும் விதிகளையுமே அவர் உடன் எடுத்துச் சென்றிருக்கின்றார்.

அவ்விதிகளை வாசிக்கும்போது ஈராயிரத்து இருநூறு ஆண்டுகள் கடந்ததாகவே தோன்றவில்லை. அலுவலக வேண்டுகோள் எதுவும் எழுத்தில் இருத்தல் வேண்டும், வாய்மொழியாகக் கேட்டல் ஆகாது என்பது ஒரு விதி. மழை பெய்தால் எவ்வளவு நிலம் பயன் பெற்றது என்று மேலிடத்துக்கு எழுத வேண்டும். களஞ்சியத்தில் மூன்று எலிப்பொந்து அல்லது அதற்கு மேல் காணப்பட்டால் பொறுப்பாளருக்கு ஒரு கேடயத்தின் பெறுமதி தண்டம். இரண்டு வரை கண்டிப்பு மட்டும். சுண்டெலிப் பொந்து மூன்று சேர்ந்தால் ஓர் எலிப்பொந்துக்குச் சமன் என்றும் விளக்கம் உண்டு! இதனை வரைந்தவர் எத்தனை களஞ்சியங்களைக் குனிந்து பார்த்திருப்பாரோ.

இக்கண்டுபிடிப்பு இன்னொரு பெரிய செய்தியையும் ஐயத்துக்கு உள்ளாக்கியது. சின் பேரரசை வீழ்த்திய கிளர்ச்சி கி.மு. 209இல் தொடங்கியது. எல்லைக் காவலுக்கு அனுப்பப்பட்ட 900 பேர் மழையால் தாமதித்தனர். தாமதத்துக்கு மரணமே தண்டனை என்பதால், எப்படியும் சாவுதான் என்று கிளர்ந்தெழுந்தனர் என்பது வழிவழி வந்த வரலாறு. ஷீயின் சிலாகைகளோ, அரச வேலைக்கு ஆள் சேர்க்கையில் ஐந்து நாள் வரை பிந்தினால் கண்டிப்பு, பத்து நாள் வரை பிந்தினால் ஒரு கேடயம் தண்டம், அதற்கு மேல் ஒரு கவசம் தண்டம், மழையாயின் விலக்கு என்கின்றன. எல்லைக் காவலுக்கு வேறு கடுமையான விதி இருந்திருக்கலாம் என்று வாதிடுவோரும் உளர். எனினும் வீழ்ந்த அரசைப் பற்றி வென்ற அரசின் காலத்தில் எழுதப்பட்டதை அப்படியே நம்பிவிடலாகாது என்பது தெளிவு.

அச்சிலாகைகளுள் ஒன்று நாட்டின் போர்களை ஆண்டுவாரியாகக் குறிக்கின்றது. அவற்றின் இடையிடையே ஷீ பிறந்தது, உத்தியோகம் பெற்றது, தந்தையும் தாயும் இறந்தது, பிள்ளைகள் பிறந்தது ஆகியவையும் குறிக்கப்பட்டுள்ளன. இன்னொன்று எம்மவர் பஞ்சாங்கம் போன்றது. பயணம் போக, வீடு கட்ட, பெண் கொள்ள நல்ல நாள் எது, வீட்டைப் பிடித்த பேயை எதனால் விரட்டலாம் என்றெல்லாம் அது சொல்லும். அலுவலகத்தில் எலிப்பொந்து எண்ணியவர் வீட்டில் நாளும் பார்த்திருக்கின்றார். தத்துவஞானிகளின் நூல்களில் அகப்படாத, சாதாரண மக்களின் சமயம் இதுவே.

ஹான் ஆட்சியும் மறுமை அலுவலகமும்

முதற் பேரரசன் கி.மு. 210இல் இறக்க, நான்கு ஆண்டுகளுக்குள் அவன் வம்சமும் அழிந்தது. அடுத்து வந்த ஹான் வம்சத்தினர் சின் அரசின் அலுவலக முறையை விடவில்லை. அதன்மேல் கொன்பியூசியஸின் நெறியைப் போர்த்தினர். கி.மு. 178இல் சூரிய கிரகணம் தோன்றியபோது வென் என்னும் பேரரசர், இது தம் குறைகளுக்கு விண் தந்த எச்சரிக்கை என்று அறிவித்து, தம் பிழைகளை எடுத்துச் சொல்லுமாறு குடிகளைக் கேட்டார். கி.மு. 167இல் சுன்யூ யீ என்ற வைத்தியர் உறுப்புச் சிதைக்கும் தண்டனைக்காகத் தலைநகருக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஐந்தும் பெண்ணாய்ப் பெற்றேன், ஆபத்துக்கு உதவ ஒருவர் இல்லை என்று அவர் நொந்தார். கடைக்குட்டி தியிங் தந்தையின் பின்னே தலைநகர் வரை சென்று மனுக் கொடுத்தாள். வெட்டிய உறுப்பு மீண்டும் பொருந்தாது, திருந்த நினைப்பவனுக்கும் வழி அடைபடும், தந்தைக்குப் பதிலாக நான் அரச அடிமையாகின்றேன் என்பது அம்மனுவின் சாரம். பேரரசர் அத்தண்டனைகளை நீக்கினார். பதிலாக வந்த பிரம்படியில் பலர் இறந்துபோக, அடுத்த பேரரசர் அடிகளைக் குறைக்க வேண்டியிருந்தது.

வூ பேரரசர் காலத்தில், கி.மு. 124இல் 50 மாணவருடன் அரச கல்விக்கழகம் ஆரம்பமாயிற்று. அக்காலத்து அறிஞர் தொங் சுங்ஷு, அரசன் என்ற சொல்லின் எழுத்தையே காட்டி விளக்கம் தந்தார். அதில் மூன்று கிடைக்கோடுகள். விண், மனிதர், மண். மூன்றையும் இணைக்கும் நெடுங்கோடே அரசன் என்றார். ஆயினும் அதே வூ பேரரசரிடம், தோற்றுச் சரணடைந்த லீ லிங் என்ற தளபதிக்காகப் பரிந்து பேசிய வரலாற்றாசிரியர் சிமா சியென் ஆண்மை நீக்கும் தண்டனை பெற்றார். அவமானத்தோடு வாழ்வதிலும் இறப்பதே மேல் என்பது அக்கால வழக்கு. அவரோ தந்தை தொடங்கிய நூலை முடிப்பதற்காக உயிர்வாழ்ந்து, 130 அத்தியாயங்களை எழுதி முடித்தார். அதில் ஷாங் மன்னரின் பெயர்ப் பட்டியலும் உண்டு. இருபது நூற்றாண்டுகளுக்குப் பின் கிடைத்த குறி எலும்புகள் அப்பட்டியல் பெரும்பாலும் சரியென்று காட்டின.

உத்தியோகத்துக்கான போட்டிப் பரீட்சை பிற்காலத்தது. கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரூன்றி 1905 வரை நடைபெற்றது. சொங் வம்ச காலத்தில் விடைத்தாளின் பெயரை மறைத்ததோடு, கையெழுத்தை அடையாளம் காணாதிருக்க வேறொருவரைக் கொண்டு பிரதி எழுதுவித்த பின்னரே புள்ளியிட்டனர். பிரித்தானியர் 1854 அளவில் தம் நாட்டு அரசசேவைக்குப் பரீட்சை வைப்பது பற்றி விவாதித்தபோது சீனத்தின் முறையும் எடுத்துப் பேசப்பட்டது.

அரசு இவ்வாறு அலுவலகமயமானபோது தெய்வ உலகமும் அவ்வாறே கருதப்பட்டது. மவாங்துயி என்னும் இடத்துக் கல்லறை ஒன்றில், கி.மு. 168ஆம் ஆண்டுத் திகதியிட்ட ஓர் அறிவித்தல் இருந்தது. இறந்தவரோடு அனுப்பப்படும் பொருட்களின் பட்டியலைப் பாரமெடுக்குமாறு, இவ்வுலக உத்தியோகத்தர் மறுமையுலக உத்தியோகத்தருக்கு எழுதியது அது. பிற்காலத்தில் ஊருக்கு ஒரு மண்தெய்வம், நகருக்கு ஒரு காவல்தெய்வம் என்று நியமனங்கள் பெருகின. அடுப்படித் தெய்வம் ஆண்டு முடிவில் மேலுலகம் சென்று வீட்டாரின் நடத்தையை அறிக்கையிடும் என்பர். அதனால் அத்தெய்வத்தின் வாயில் இனிப்புத் தடவி அனுப்புவார்கள். அறிக்கை நல்லதாய் அமையட்டும் என்றோ, வாய் ஒட்டிக்கொள்ளட்டும் என்றோ இரு விதமாகவும் காரணம் சொல்லப்படுகின்றது.

சீனர் தம் எல்லைக்கு அப்பாலும் தெய்வங்களைக் கண்டனர். கி.பி. 399இல் புறப்பட்ட பாஹியன் என்னும் பிக்கு இலங்கையில் இரண்டு ஆண்டுகள் தங்கினார். அனுராதபுரத்தில் புத்தர் சிலைக்கு முன்னே ஒரு வணிகர் காணிக்கையாக வைத்த சீனத்து வெண்பட்டு விசிறியைக் கண்டு, தாய்நாட்டை நினைந்து கண்ணீர் விட்டதாக எழுதினார். ஆயிரம் ஆண்டுகள் கழித்து அட்மிரல் செங் ஹே கொண்டுவந்த கல் ஒன்று, 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டு, கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பட்டது. 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட அக்கல்லில் மூன்று மொழிகள் உள்ளன. சீன மொழியிலே புத்தருக்கும், பாரசீக மொழியிலே அல்லாஹ்வுக்கும், தமிழ் மொழியிலே தென்முனைத் தேனாவரை நாயனாருக்கும் பொன், வெள்ளி, பட்டு முதலிய காணிக்கைகள் சீனப் பேரரசரின் பெயரால் எழுதப்பட்டுள்ளன. அதே செங் ஹே 1411இல் இந்நாட்டு ஆட்சியாளர் ஒருவரைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டுசென்றார் என்பதும் வரலாறே. காணிக்கைப் பட்டியலில் பொன் எத்தனை, வெள்ளி எத்தனை, பட்டு எத்தனை என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பதியப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது, அக்கப்பலிலும் ஷீயைப் போன்ற எழுதுவினைஞர் ஒருவர் இருந்திருப்பார் என்றே எண்ணத் தோன்றுகின்றது.